நாய் விற்ற காசு குரைக்குமா? ஊழல் அரசுகளோடு பல்கலைக்கழகங்கள் கைகோப்பது பற்றி

வாசகர் கேள்வி, 4 மார்ச் 2023

ஒரு நாட்டின் ஆட்சி ஊழல் மலிந்தது என்பதற்காக, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எதுவும் அதனோடு ஒப்பந்தமே செய்யக் கூடாது என்பது சரியா? அந்தப் பணம் ஆள்பவர் கையிலேயே இருந்தால் இன்னொரு மாளிகையாகும். பல்கலைக்கழகத்துக்கு வந்தால் நாலு பேருக்குப் படிப்பாகும். நாய் விற்ற காசு குரைக்காது, கருவாடு விற்ற காசு நாறாது என்று பெரியவர்கள் சொன்னதில் என்ன பிழை?

4 மார்ச் 2023, இரவு

அந்தக் காசு குரைத்த இடம் ஒன்று எனக்குத் தெரியும். அதையே முதலில் சொல்கிறேன்.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் ஆட்சிமன்றம், கடாபி அறக்கட்டளை ஐந்தாண்டுகளில் தருவதாகச் சொன்ன 15 லட்சம் பவுண்டை ஏற்பதென்று 2009 ஜூனில் முடிவு செய்தது. அறக்கட்டளைக்குத் தலைவர் சைஃப் அல்-இஸ்லாம் கடாபி. 1969 முதல் லிபியாவைத் தன் பிடியில் வைத்திருந்த முஅம்மர் கடாபியின் மகன்; அதே நிறுவனத்தில் படித்து 2008-இல் முனைவர் பட்டம் பெற்றவர். உலக நிறுவனங்களின் ஆளுகையை மக்களாட்சிமயமாக்குவதில் குடிமைச் சமூகத்தின் பங்கு என்ன என்பதே அவருடைய ஆய்வேட்டின் பொருள். பணமும் உலக ஆளுகை பற்றிய ஆய்வு மையத்துக்கே சென்றது.

2011 பிப்ரவரி 20 அன்று இரவு, ஆய்வேட்டை எழுதிய அதே மனிதர் லிபியத் தொலைக்காட்சியில் தோன்றி, தந்தையின் ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி அடங்காவிட்டால் இரத்த ஆறு ஓடும் என்றும் கடைசித் தோட்டா வரை போரிடுவோம் என்றும் விரலை நீட்டிப் பேசினார். அடுத்த இரண்டு நாளில் லண்டன் மாணவர்கள் கல்லூரியின் ஓர் அறைக்குள் புகுந்து, நகர மறுத்து உட்கார்ந்துகொண்டார்கள். மார்ச் 3 அன்று இயக்குநர் ஹோவர்டு டேவிஸ் பதவி விலகினார். அதுவரை வந்து சேர்ந்திருந்தது வெறும் 3 லட்சம் பவுண்டு, அதாவது ஒப்புக்கொண்டதில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஐந்தில் ஒரு பங்குக்காக நூறாண்டு கடந்த ஒரு கல்வி நிறுவனம் தலைகுனிந்து நின்றது. இதற்குப் பிறகும் காசு குரைக்காது என்று நான் எப்படி ஒப்புக்கொள்வேன்?

5 மார்ச் 2023, காலை

நேற்று எழுதியதில் ஒரு குறை. எல்லாம் அந்த ஒரு நன்கொடையால் நேர்ந்தது போன்ற தோற்றம் வந்துவிட்டது. லிபிய அதிகாரிகளுக்குப் பயிற்சியளிக்க 22 லட்சம் பவுண்டுக்கு வேறோர் ஒப்பந்தமும் இருந்தது. லிபிய அரசின் முதலீட்டு நிதிக்கு டேவிஸே ஆலோசகராக இருந்தார். அதற்கான கட்டணத்தைத் தன் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார். 2010 டிசம்பரில் தந்தை கடாபி காணொளி வழியாக அங்குள்ள மாணவர்களிடம் உரையாற்றினார். ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்தால், 'இதில் என்ன இருக்கிறது?' என்று கேட்கத் தோன்றும். உறவு என்பது இப்படி இழை இழையாகத்தான் பின்னப்படுகிறது. எந்த இழையில் வேண்டாமென்று சொல்லியிருக்க வேண்டும் என்பது கயிறு கழுத்தில் விழுந்த பிறகே தெரிகிறது.

5 மார்ச் 2023, இரவு

'அன்று யாருக்குத் தெரியும்? பின்னால் நடந்ததை வைத்து முன்னால் இருந்தவர்களைக் குறை சொல்லலாமா?' என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அவர் அதை எழுத்திலும் கொடுத்தார்.

பிரெட் ஹாலிடே அங்கே நீண்ட காலம் பன்னாட்டு உறவுகள் கற்பித்தவர். அரபும் பாரசீகமும் அறிந்தவர். மேற்காசியாவை நூலகத்தில் மட்டுமல்லாமல் நேரிலும் கண்டவர். 2009 அக்டோபரில் ஆட்சிமன்றத்துக்கு ஒரு மறுப்புக் குறிப்பு அனுப்பினார். அதில் ஒரு வாதம் என் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. இத்தகைய ஆட்சிகளுக்குள் சீர்திருத்தம் பேசுகிறவர்களின் முதல் வேலை மாற்றத்தைக் கொண்டுவருவதன்று. உள்ளேயிருக்கும் கடும்போக்காளர்களோடு சமரசம் செய்துகொண்டு, வெளியிலிருந்து வரும் நெருக்கடியைத் தணிப்பதே என்பதுதான் அதன் சாரம். சீர்திருத்தவாதி என்று லண்டன் கொண்டாடிய இளைஞர் அந்த இரவில் தொலைக்காட்சியில் பேசியதை, ஹாலிடேயின் குறிப்பைப் படித்தவர்கள் யாரும் வியப்போடு கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தக் குறிப்பை வாங்கி மூடி வைத்துவிட்டார்கள் என்று நான் பல காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தவறு. ஆட்சிமன்றம் கூடி விவாதித்தது. விவாதித்த பிறகே முன் முடிவில் உறுதியாக நின்றது. ஜூலையில் கையெழுத்தாகிவிட்டது, இனிப் பின்வாங்கினால் தர்மசங்கடம் என்ற எண்ணமும் அந்தப் பேச்சில் இருந்தது. அந்த ஆகஸ்ட்டில்தான், 1988-இல் 270 உயிர்களைப் பறித்த லாக்கர்பி விமானக் குண்டுவெடிப்பில் தண்டனை பெற்ற லிபியர் அல்-மெக்ராஹி ஸ்காட்லாந்திலிருந்து விடுவிக்கப்பட்டு லிபியத் தலைநகர் திரிபோலியில் வரவேற்கப்பட்டார். 1996-இல் லிபியாவின் அபூ சலீம் சிறையில் சுமார் 1,200 கைதிகள் கொல்லப்பட்டது உலகம் அறிந்த செய்தி. எதுவும் மறைவாக இல்லை.

ஹாலிடே 2010 ஏப்ரலில் காலமானார். தான் சொன்னது பலித்ததை அவர் பார்க்கவில்லை. இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

7 மார்ச் 2023

இந்த விவாதத்தில் நான் ஏன் இவ்வளவு சூடாகப் பேசுகிறேன் என்று ஒருவர் கேட்டார். சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் வெளியுறவு அலுவலகத்தில் எட்டாண்டுகள் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். ஓர் எண்ணெய் வள நாட்டின் அமைச்சகம், ஆண்டுக்கு இருபது அதிகாரிகளைப் பொதுநிதி மேலாண்மை படிக்க எங்களிடம் அனுப்ப முன்வந்தது. கட்டணம் வழக்கமானதைவிடப் பல மடங்கு. கையெழுத்து நாளில் நீள மேசையின் நடுவில் இரண்டு சிறு கொடிகள் வைத்திருந்தோம். அவர்களுடைய கொடி கொஞ்சம் சாய்ந்திருந்ததைக் கவனித்து, படம் எடுப்பதற்கு முன் நான்தான் ஓடிப்போய் நிமிர்த்தினேன்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு இன்னொன்றும் செய்திருந்தேன். புதிய ஒப்பந்தத்துக்கெல்லாம் ஒரு பக்கப் படிவம் உண்டு. அதில் ஏழாவது கேள்வி, 'இந்தக் கூட்டால் நிறுவனத்தின் நற்பெயருக்கு இடர் ஏதும் உண்டா?' என்பது. விடைக்கு ஒரே ஒரு வரி விட்டிருந்தார்கள். அந்நாட்டில் அமைச்சரின் உறவினர்களுக்கு எண்ணெய் ஒப்பந்தங்கள் போவதைப் பற்றி ஒரு நாளிதழில் நான் படித்திருந்தேன். படித்திருந்தும், 'அறிந்தவரை ஏதுமில்லை' என்று நிரப்பிக் கொடுத்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை, பணம் தரவில்லை, மிரட்டவில்லை. மேலதிகாரி அன்று மாலைக்குள் படிவம் வேண்டுமென்று மட்டும் சொன்னார். வேறென்ன எழுதினாலும் அந்த மாலை இழுபறியாகும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஊழல் பணம் பல்கலைக்கழகத்துக்குள் வரும்போது முதலில் விலைக்கு வாங்குவது ஆய்வு முடிவுகளை அன்று, பட்டத்தையும் அன்று என்று நான் சொல்வது இதனால்தான். அது முதலில் வாங்குவது நம்முடைய விசாரிக்கும் பழக்கத்தை. எந்த ஆய்வேட்டிலும் 'இந்தத் தரவு எங்கிருந்து வந்தது?' என்று கேட்காமல் விடாத ஓர் இடம், 'இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?' என்று கேட்பதை அநாகரிகமாக நினைக்கத் தொடங்குகிறது.

8 மார்ச் 2023

'ஒரு குமாஸ்தா என்ன செய்திருக்க முடியும்?' என்ற கேள்விக்கு: படித்த செய்தியின் தேதியையும் நாளிதழின் பெயரையும் அந்த ஒரு வரியில் எழுதியிருக்க முடியும். ஒப்பந்தம் அப்போதும் நடந்திருக்கும். ஆனால் நடத்தியவர்கள் தெரிந்தே நடத்தியதாக ஆகியிருக்கும்.

11 மார்ச் 2023

நான் 'கூடவே கூடாது' என்ற பக்கம் நிற்பதாகச் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் நாள் இரவில் அப்படித்தான் இருந்தேன். அந்த இருபது பேரில் ஒருவரை நினைத்ததும் உறுதி தளர்கிறது.

அவர் தணிக்கைத் துறையிலிருந்து வந்தவர், நாற்பது வயதைக் கடந்தவர். குளிர்காலத்தில் என் அலுவலகத்தில் மட்டும் வெப்பமூட்டி ஒழுங்காக வேலை செய்யும் என்பதால், மாலையில் பாடக் குறிப்புகளோடு அங்கே வந்து உட்காருவார். ஒரு நாள் தானாகவே சொன்னார். அமைச்சகம் தேர்வு ஒன்றை வைத்ததாம். நூற்றுக்கும் மேற்பட்டவர் எழுதினார்களாம். முடிவு ஒட்டப்பட்ட மறுவாரம் அமைச்சரின் செயலரிடமிருந்து வேறொரு பட்டியல் வந்ததாம். இருபதில் ஏழெட்டுப் பேர் மட்டுமே தேர்வில் தேறியவர்கள். முதலிடம் பெற்றவர் ஒரு பெண். அவர் பெயர் இரண்டாம் பட்டியலில் இல்லை. இவர் எட்டாமவராக வந்து எப்படியோ தங்கிவிட்டார். அந்த வகுப்பில் ஒரு இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள், அவர்களும் தேர்ச்சி பெற்றார்கள். கற்பித்தவர்கள் மனச்சாட்சி அற்றவர்கள் அல்லர். அடுத்த ஆண்டும் இருபது பேர் வர வேண்டும் என்பது துறைக் கூட்டங்களில் சொல்லாமலே புரிந்த செய்தியாக இருந்தது.

ஆனால் இந்த மனிதர் உண்மையாகவே படித்தார். ஊருக்குத் திரும்பி, ஒரு சாலைப் பணியின் கணக்கில் கையெழுத்திட மறுத்ததாகவும், அதனால் தொலைதூர மாவட்டத்துக்கு மாற்றப்பட்டதாகவும் பிறகு எனக்கு எழுதினார். எப்படி மறுக்க வேண்டுமென்பதை எங்கள் வகுப்பறையில்தான் கற்றேன் என்றும் அந்தக் கடிதத்தில் இருந்தது. கதவை முழுதாக அடைத்திருந்தால் அவரும் வெளியே நின்றிருப்பார். ஆகவே, 'கூடவே கூடாது' என்ற சொல்லை நான் திரும்பப் பெறுகிறேன். ஆளுகிறவனின் பாவத்தை ஆளப்படுகிறவனின் தலையில் ஏற்றுவது நீதியன்று.

12 மார்ச் 2023

நேற்றைய குறிப்பை மீண்டும் படித்தேன். நல்ல மனிதர் ஒருவரைக் காட்டி மொத்த ஏற்பாட்டையும் நியாயப்படுத்திவிட்டேனோ என்று உறுத்துகிறது. அந்த ஒருவரைப் பெறுவதற்கு நாங்கள் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: ஆள் தேர்வை எங்கள் கையில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். பணம் யாருடையதாயினும், யாரைச் சேர்ப்பது என்பதைப் பல்கலைக்கழகம் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது.

இது நடக்காத காரியமன்று. சைஃப் கடாபியை 2002-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்க்கவும் முயற்சி நடந்தது. பிரிட்டன் வெளியுறவுத் துறையிலிருந்து ஒருவர் அங்கிருந்த ஒரு துறைத்தலைவரைத் தொடர்புகொண்டு, லிபியாவோடு உறவு மலரும் காலம், இவரைச் சேர்த்துக்கொண்டால் உதவியாக இருக்கும் என்று கேட்டிருக்கிறார். சமூக அறிவியலில் முன்பயிற்சி இல்லை, தகுதி போதாது என்று சொல்லி அந்தப் பேராசிரியர் மறுத்துவிட்டார். மறுப்பதற்கு அவர் கடாபி ஆட்சியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சேர்க்கை விதியை எல்லோருக்கும் போலவே இவருக்கும் பொருத்தினார், அவ்வளவுதான். லண்டனிலும் ஒரு துறை அவருடைய முனைவர் பட்ட விண்ணப்பத்தை முதலில் ஏற்கவில்லை. பிறகு வேறு துறையின் கதவு திறந்தது.

13 மார்ச் 2023

ஆய்வேடு திருட்டு என்பதால் பட்டம் பறிக்கப்பட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பறிக்கப்படவில்லை. பட்டத்தை வழங்கிய லண்டன் பல்கலைக்கழகம் குழு அமைத்து ஆராய்ந்து, பட்டத்தைத் திரும்பப் பெறத் தேவையில்லை என்று முடிவு செய்தது. முன்னாள் தலைமை நீதிபதி வுல்ஃப் பிரபுவின் விசாரணை இந்த உறவு முழுவதையும் பற்றியது. 2011 நவம்பர் 30 அன்று அந்த அறிக்கை வெளிவந்தது. பணத்தின் மூலத்தைத் தகுந்தபடி சரிபார்க்கவில்லை என்பது அதன் கடுமையான கண்டனங்களில் ஒன்று. லிபியாவில் வேலை பெற விரும்பிய நிறுவனங்கள் தந்த கையூட்டே அறக்கட்டளை வழியாக வந்திருக்கலாம் என்ற ஐயமும் அதில் பேசப்படுகிறது. ஊழலைப் பற்றியும் நல்லாட்சியைப் பற்றியும் ஆராய்கிற மையத்துக்கு அப்படிப்பட்ட பணம் வந்திருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

16 மார்ச் 2023

வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒரு வாசகர், 'லஞ்சம் மட்டும்தான் ஊழலா? கூலியைப் பறிப்பது என்ன?' என்று கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை.

நியூயார்க் பல்கலைக்கழகம் அபுதாபி அரசின் செலவில் சாதியத் தீவில் வளாகம் கட்டியது. தொடக்கத்திலேயே அந்த அரசு 5 கோடி டாலர் கொடுத்தது. கட்டுமானத் தொழிலாளரின் உரிமைகளைப் பற்றி 2009-இல் ஓர் அறிக்கையையும் பல்கலைக்கழகம் வெளியிட்டது. வேலைக்கு வர ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் திருப்பித் தரப்படும் என்பது அதில் ஒரு வாக்குறுதி. 2015-இல் வந்த விசாரணை அறிக்கை, வேலை செய்த சுமார் 30,000 பேரில் ஏறக்குறைய 10,000 பேருக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தவே இல்லை என்று கண்டது. சிறிய துணை ஒப்பந்தங்களுக்கு விலக்கு அளித்திருந்தார்களாம். பல்கலைக்கழகத்துக்கே அது தெரியாதாம்.

ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் என்றால் என்னவென்று நம்மில் பலருக்கு அகராதி தேவையில்லை. என் சித்தப்பா மகன் கம்பி கட்டும் வேலைக்கு வளைகுடாவுக்குப் போனான். இந்த வளாகத்துக்கு அல்ல, வேறிடத்துக்கு. சித்தி தன் தாலிக்கொடியை அடகு வைத்தார். முதல் பதினான்கு மாதச் சம்பளம் அந்த வட்டிக்கும் முதலுக்குமே சரியாகப் போனது. அவன் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருந்ததால் இடையில் திரும்பவும் முடியவில்லை. அடகுச் சீட்டை நான்கு மடிப்பாக மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார் சித்தி. அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தொழிலாளர்களைப் பற்றி ஆராய்ந்து எழுதிவந்த அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஆண்ட்ரூ ராஸ், 2015 மார்ச்சில் நியூயார்க்கில் விமானம் ஏறும் முன்பே ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் நுழையத் தடை என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டார். தன் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கும் நாட்டுக்கே அவர் போக முடியவில்லை. 2018 மே மாதம் டர்ஹம் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் மாத்யூ ஹெட்ஜஸ் துபாய் விமான நிலையத்தில் கைதாகி, உளவாளி என்று ஆயுள் தண்டனை பெற்று, சில நாட்களில் மன்னிப்பில் விடுவிக்கப்பட்டார். கேள்வி கேட்கிற ஆசிரியரையும் மாணவரையும் காக்க முடியாத கூட்டுக்கு எந்தப் பெயரை வைத்தாலும் கல்விக் கூட்டு என்று வைக்க எனக்கு மனம் வரவில்லை.

19 மார்ச் 2023

'நாமும் ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு அரசுப் பணம் கொடுத்தோமே' என்ற குறுக்குக் கேள்வியை நான் எதிர்பார்த்தேன். 60 லட்சம் டாலர் தேவைப்பட்ட அந்த இருக்கைக்குத் தமிழ்நாடு அரசு 2017-இல் 10 கோடி ரூபாய் அளித்தது. நானும் என் பங்குக்குச் சிறு தொகை அனுப்பினேன். இன்றும் அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பணம் பெறும் பல்கலைக்கழகத்தின் இடத்தில் நின்று பார்த்தால், அதுவும் வெளிநாட்டு அரசு ஒன்று தரும் பணமே. அவர்கள் நம் அரசைப் பற்றிக் கேள்வி கேட்டிருந்தால் நாம் கோபித்திருப்போம். கோபிக்க நமக்கு உரிமை இருந்திருக்காது. அந்தத் தொகை வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. ஆளும் எவருடைய பெயரும் இருக்கைக்குச் சூட்டப்படவில்லை. பொதுமக்கள் பல நாடுகளிலிருந்து காசு சேர்த்தார்கள். இந்த மூன்றும் இருந்ததால்தான் இன்று தயக்கமின்றிப் பேச முடிகிறது. கடாபி நன்கொடையில் இந்த மூன்றில் எது இருந்தது?

20 மார்ச் 2023

நேற்றைய கடைசிக் கேள்விக்கு ஒரு திருத்தம். அங்கும் தொகை வெளியே தெரிந்தேதான் இருந்தது. தெரியாமல் இருந்தது அது எங்கிருந்து அறக்கட்டளைக்கு வந்தது என்பது.

26 மார்ச் 2023

முதலில் கேட்டவர் திரும்ப வந்து, 'அப்படியானால் வந்த பணத்தை என்ன செய்வது, கடலில் கொட்டுவதா?' என்கிறார். கொட்ட வேண்டாம். தாங்கள் பெற்ற 3 லட்சம் பவுண்டுக்கு ஈடான தொகையை வட ஆப்பிரிக்க மாணவர்களின் உதவித்தொகைக்கு ஒதுக்குவதாக லண்டன் நிறுவனம் அறிவித்தது. பணம் யாரிடமிருந்து எடுக்கப்பட்டதோ அந்த மக்களின் பிள்ளைகளுக்கே போவது முறைதான். ஆனால் கண்டனம் எழுந்த பிறகு செய்ததை, வாங்கும்போதே நிபந்தனையாக வைத்திருக்கலாமே.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது ஒன்று தைத்தது. அந்தத் தணிக்கை அதிகாரி சொன்ன, தேர்வில் முதலிடம் பெற்ற பெண்ணின் பெயரை இத்தனை ஆண்டுகளில் நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. எங்கள் வகுப்பறையில் அவருக்குரிய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார், அந்த நாற்காலிக்கான படிவத்தை நிரப்பியவன் நான். போன வியாழக்கிழமை பழைய முகவரிக்கு மின்னஞ்சல் எழுதினேன்.

நேற்று பதில் வந்தது. அவர் பெயரை எழுதியிருந்தார், இங்கே அதை இட எனக்கு உரிமையில்லை. அமைச்சக வேலையை அந்த ஆண்டே விட்டுவிட்டாராம். ஒரு துறைமுக நகரில் பெண்கள் பள்ளியில் கணக்கு கற்பிக்கிறாராம். பட்டியல் மாறியதை எதிர்த்து அன்று அவர் எழுதிய முறையீட்டின் நகல் இன்னும் அவரிடம் இருக்கிறதாம். அதன் ஒரு பிரதியை எங்கள் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பியிருந்தாராம். எந்த அலுவலகத்துக்கு என்று கேட்டு மீண்டும் எழுதியிருக்கிறேன்.